சிஞ்ஞோரா வீட்டுப் பெட்டியில் வந்த பழைய பூவேலைத் துணிகள்: வெளுக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்

அக்கா, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். இத்தாலியின் சிசிலித் தீவில், பாலெர்மோவில் நீங்கள் பல வருடம் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது மகள் ஒரு பெட்டி நிறையத் துணியை உங்களிடமே கொடுத்துவிட்டார். எழுத்துப் பூவேலை செய்த கட்டில் விரிப்புகள், நீளக் குஞ்சம் வைத்த துவாய்கள், ஓரம் முழுக்க வலை வலையாக வேலை செய்த ஒரு பெரிய மேசைவிரிப்பு, அதற்குச் சேர்ந்த நாப்கின்கள். எல்லாம் மஞ்சள் பிடித்திருக்கிறது, சிலதின் மூலையில் சின்னதாகச் சிவப்பு எழுத்தும் எண்ணும் இருக்கிறது. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் மொத்தத்தையும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வரேக்கினா, அதாவது குளோரின் பிளீச், போட்டு வெளுத்தால் விலை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரேக்கினா போடவே வேண்டாம், கிலோவுக்குக் கொடுக்கவும் வேண்டாம். பெட்டியில் எது எதோடு சேர்ந்து மடித்துக் கிடந்ததோ அதை அப்படியே படம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். பழைய துணிகளைச் சுத்தம் செய்து சீர்ப்படுத்தும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன், இந்த மாதிரிப் பெட்டிகள் நாசமாவது பூச்சியாலோ ஈரத்தாலோ குறைவு, அவசரப்பட்டு வெளுப்பதாலும் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதாலும்தான் அதிகம்.

உங்களிடம் வந்திருப்பது ஒரு கொர்ரேதோ. பெண்பிள்ளை பிறந்த வீட்டில் அவள் கல்யாணத்துக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்து வைக்கும் துணிச்சீர். தாயும் பாட்டியும் அத்தையும் தைப்பார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் அந்தப் பெண்ணே ஊசி எடுப்பாள், வசதியுள்ள வீட்டில் கன்னியர் மடத்துக்கோ ஊரில் பேர்போன தையல்காரிக்கோ கொடுத்துச் செய்விப்பார்கள். கணக்கு ஆறிலோ பன்னிரண்டிலோதான் போகும்: பன்னிரண்டு விரிப்பு, பன்னிரண்டு துவாய், பன்னிரண்டு பேருக்கு மேசைவிரிப்பும் நாப்கினும். சிசிலியில் கல்யாணத்துக்கு முன்னால் இதையெல்லாம் வீட்டில் விரித்து வைத்து உறவும் அயலும் வந்து பார்ப்பது வழக்கம். விலை மதித்துப் பட்டியல் எழுதுவதும் உண்டு, ஏனென்றால் அது சீதனத்தின் ஒரு பகுதி. சீதனத்தை இத்தாலியச் சட்டம் எடுத்துப்போட்டதே 1975-இல் வந்த குடும்பச் சட்டத் திருத்தத்தில்தான். அதனால் உங்கள் சிஞ்ஞோரா வயதில் எண்பதைத் தாண்டியவர் என்றால் இது அவருடைய சொந்தக் கொர்ரேதோவாகவே இருக்கலாம், அல்லது அதற்குள் அவருடைய தாயுடையதும் கலந்திருக்கலாம். எழுத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே தைக்கப்படுவதால் பெரும்பாலும் பெண்ணின் பெயர் எழுத்தும் அவள் பிறந்த குடும்பப் பெயரின் எழுத்தும்தான் இருக்கும், கணவன் வீட்டுப் பெயர் இருக்காது. சிஞ்ஞோராவின் மகளிடம் அம்மாவின், அம்மம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. இன்னும் பத்து வருடம் போனால் அதைச் சொல்ல ஆளிருக்காது.

அந்தச் சிவப்பு எழுத்து அலங்காரம் அல்ல. வீட்டுச் சலவைக் கணக்கு அது. அந்தக் காலத்தில் பெரிய சலவை அடிக்கடி நடப்பதில்லை, வருடத்தில் சில தடவைதான். பெரிய மண் தொட்டியில் துணியை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியை விரித்து, அதில் சலித்த விறகுச் சாம்பலைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி ஊற்றி இறக்குவார்கள். நம் ஊர் வெள்ளாவியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இடையில் மாதக்கணக்காக அழுக்குத் துணி சேர்வதால்தான் டஜன் டஜனாக விரிப்பு தேவைப்பட்டது. எது யாருடையது, பன்னிரண்டில் எத்தனையாவது என்று தெரிவதற்குத்தான் எழுத்தும் எண்ணும். சாயம் போகாத சிவப்புப் பருத்தி நூலில், குறுக்குத் தையலில், விரல் நுனி அளவுக்குப் போடுவார்கள். உங்களிடம் 3, 4, 7, 9 என்று இருந்தால் மற்றது காலத்தில் கிழிந்தோ வேறு பிள்ளைக்குப் போயோ இருக்கும். 1 முதல் 6 வரையோ 12 வரையோ முழுசாக இருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது, வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

விரிப்பை எடுத்ததும் எழுத்து தலைகீழாக, அதுவும் துணியின் பின்பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். பிழையாகத் தைக்கவில்லை. மேல்விரிப்பின் தலைப்பக்கத்தைக் கம்பளிக்கு மேலே மடித்துவிடுவார்கள், மடித்த பிறகுதான் பூவேலை நேராகத் தெரிய வேண்டும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கைத்தறியின் அகலம் ஒரு கட்டிலுக்குப் போதாது, அதனால் இரண்டு மூன்று பட்டையைக் கரையோடு கரை சேர்த்துக் கையால் இணைப்பார்கள். அந்தத் தையல் இருந்தால் அது வீட்டிலோ ஊரிலோ நெய்த துணியாக இருக்க வாய்ப்பு அதிகம். துணி லினனா பருத்தியா என்று தெரிய ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவி இழுத்து அறுத்துப் பாருங்கள், லினன் நூல் கூராக, நீள நாராகப் பிரிந்து அறும், பருத்தி பஞ்சு முனையாக அறும். வடக்கே, பொலோஞ்ஞா ஃபெர்ராரா பக்கத்து விரிப்புகள் நிறையக் கனாப்பாவில், அதாவது சணல் மாதிரி ஒரு நாரில் நெய்தவை, கனமாகவும் முரடாகவும் இருக்கும், அங்கே அந்தப் பயிர் அவ்வளவு விளைந்தது.

இப்போது அந்த மேசைவிரிப்பு. பெட்டியிலேயே முக்கியமான சாமான் அதுதான் என்று நீங்கள் சொன்னதை வைத்தே நினைக்கிறேன். சிசிலியின் பேர்போன வேலை ஸ்ஃபிலாத்தோ. துணியின் நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் எண்ணி, நறுக்கி, உருவி எடுப்பார்கள். மிச்சம் இருக்கும் நூல்கள் சின்னச் சின்னச் சதுரமாக நிற்கும். அந்த நூல்களை ஊசி நூலால் ஒவ்வொன்றாகச் சுற்றி இறுக்கினால் வலை. அப்புறம் வலைக்குள் ஊசியாலேயே நெய்து மயில், கொடி, திராட்சைக் குலை எல்லாம் கொண்டுவருவார்கள், அல்லது உருவத்தைத் துணியாகவே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் வலையாக்குவார்கள். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் செய்யும் வேலை, ஒரு மேசைவிரிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். கண்ணுக்கும் முதுகுக்கும் எவ்வளவு பாடு என்று தையல் தெரிந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அது ஸ்ஃபிலாத்தோதானா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். துணி முடிந்து வலை தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். துணியின் நூலே வலைக்குள் தொடர்ந்து ஓடினால், சதுரங்களின் மூலையில் முடிச்சு இல்லாமல் இருந்தால், அது ஸ்ஃபிலாத்தோ. ஒவ்வொரு மூலையிலும் முடிச்சு இருந்து, வலை தனியாகச் செய்து துணியில் வைத்துத் தைத்ததாக இருந்தால் அது ஃபிலே. அதுவும் கைவேலைதான், சார்தீனியாவில் போசா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. முடிச்சும் இல்லை, துணி நூலும் தொடரவில்லை, வலை எல்லா இடத்திலும் அச்சடித்தது மாதிரி ஒரே அளவு என்றால் அநேகமாக மெஷின் லேஸ்தான். இன்னொன்று, விற்கிற இடங்களில் "ஸ்ஃபிலாத்தோ சின்க்வெச்சென்தோ" என்று எழுதி 1500-களின் துணி என்று நினைக்க வைப்பார்கள். 400, 500, 700 என்பதெல்லாம் இந்த வேலையில் உள்ள பாணிகளின் பெயர், துணியின் வயது அல்ல. போன நூற்றாண்டில் செய்ததும் அதே பெயரில்தான் போகும். ரகூசா பக்கம் போனால் க்யாராமொந்தே குல்ஃபி என்ற மலையூரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டால் உங்கள் விரிப்பை நீங்களே மதிப்பிடலாம், கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிசிலியில் லினனும் ஊசியும் சேர்ந்த வேலைக்கு வயது நிறைய. 1360-க்கும் 1400-க்கும் இடையில் அங்கே செய்த ஒரு கட்டில் போர்வை இன்றும் இருக்கிறது, இரண்டு லினன் துணிக்கு நடுவில் பஞ்சு அடைத்து, த்ரிஸ்தான் என்ற பழங்கதை வீரனின் கதையைப் புடைப்பு உருவங்களாகத் தைத்து, சிசிலி மொழியிலேயே வாசகமும் தைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், ஒரு பகுதி ஃபிளாரன்ஸ் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில். லினன் இவ்வளவு காலம் தாங்கும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கைத்தையலா மெஷினா என்று தெரிய எப்போதும் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கைவேலையில் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவதும், முடிச்சுப் போடாமல் தையலுக்கு அடியில் நூல் முனையைச் செருகியிருப்பதும் தெரியும், இலைக்கு இலை ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். மெஷினில் மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று, அடிநூல் மெலிசாக வேறு நிறமாகவே இருக்கலாம். ஆனால் மெஷின் என்றாலே புதிசு என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் ஷிஃப்லி பூவேலை மெஷின் 1863-லேயே வந்துவிட்டது. வீட்டுத் தையல் மெஷினில் சட்டம் மாட்டிப் பூவேலை செய்வது போன நூற்றாண்டின் நடுவில் இத்தாலி முழுக்க இருந்தது, அதிலும் நல்ல கைகள் உண்டு. வெள்ளை நூல் பளபளவென்று மின்னினால் அது மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் பக்குவப்படுத்திய பருத்தி. நூலை இழுத்துப் பிடித்தபடி அந்தப் பக்குவம் செய்து மினுக்கம் கொண்டுவரும் முறையே 1890 வாக்கில்தான் வந்தது, அப்படியென்றால் உங்கள் துணி அதற்குப் பிந்தியது.

பெட்டியில் வேறு ஊர் வேலையும் கலந்திருக்கலாம், அதனால் சிலதை மட்டும் சொல்கிறேன். உருவத்தை வெறும் துணியாக விட்டுவிட்டுப் பின்னணி முழுக்க நீலமோ செம்பழுப்போ குறுக்குத் தையலால் நிரப்பியிருந்தால் அசீசி வேலை. பழைய முறைதான், 1902-இல் அசீசியில் ஒரு தையல்கூடம் வைத்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். துணிக்கு மேல் திரண்டு கையில் தட்டுப்படும் பழங்களும் பூக்களுமாக இருந்தால் பிஸ்தோயா பக்கத்து கசல்குயீதி. முடிச்சு முடிச்சாகக் கயிறு ஓடுவதுபோல் இருந்தால் ஊம்ப்ரியாவின் சொர்பெல்லோ வேலையாக இருக்கலாம், அமெரிக்காவில் பிறந்த ரொமெய்ன் ராபர்ட் ரானியேரி என்ற பெண்மணி 1904-இல் தொடங்கிய பள்ளியில் அங்குள்ள விவசாயக் குடும்பத்துப் பெண்கள் செய்தது. அதே காலத்தில் நாடெங்கும் இப்படிப் பள்ளிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் 1872-இல் வெனிஸ் அருகே புரானோ. அங்கே ஊசி லேஸ் அற்றுப்போகும் நிலையில் செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற ஒரு வயதான பெண்ணுக்கு மட்டும்தான் பழைய தையல் முழுசாகக் கைவசம் இருந்தது, அவரிடமிருந்து கற்றுத்தான் பள்ளியே நடந்தது, 1970 வரை இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மனம் நிற்பது பள்ளிகளை நடத்திய கோமகள்கள் பெயரில் அல்ல, அந்த அம்மாவிடம்தான். அவர் ஒரு குளிர்காலம் முன்னால் போயிருந்தால் அந்தத் தையல் அவரோடு போயிருக்கும்.

இத்தாலி என்று சொல்லி விற்கப்படும் எல்லாம் இத்தாலி அல்ல. போர்த்துக்கல்லின் மதேய்ரா தீவிலும் சீனாவின் ஸ்வாதௌவிலும் செய்த வெட்டுவேலை நாப்கின்கள் ஐரோப்பா எங்கும் வந்தன, அவையும் நல்ல கைவேலை. பார்த்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் கொர்ரேதோ எழுத்தும் சலவை எண்ணும் சேர்ந்து இருக்கும்போது அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், பிரிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

துவாய்களின் நீளக் குஞ்சம் மக்ராமே. நல்ல துவாயில் அது தனியாகத் தைத்த குஞ்சம் அல்ல, துணியின் பாவு நூலையே நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட்டது. ஜெனோவா அருகே க்யாவரி அதற்குப் பேர்போன ஊர். குஞ்சத்தைச் சீப்பால் வாராதீர்கள், நனைத்து விரலால் நீவிவிட்டாலே போதும்.

சரி, சலவை. மஞ்சள் பெரும்பாலும் பழைய கஞ்சியும் சோப்பு மிச்சமும் பெட்டி மரத்தின் அமிலமும் காற்றும் சேர்ந்து வந்தது. அதில் பாதி வெறும் தண்ணீரிலேயே போய்விடும், அதைச் செய்து பார்க்காமல்தான் எல்லோரும் நேரே மருந்துக்குப் போகிறார்கள். முதலில் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெலிந்த இடம், மடிப்பு வெடித்த இடம், வலை அறுந்த இடம் பாருங்கள். அறுந்தது இருந்தால் முதலில் தைத்துவிட்டுத்தான் நனைக்க வேண்டும், ஈரத்தில் அறுந்த முனை இன்னும் ஓடும். சிவப்பு எழுத்தின் மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்தத் துணியை நீங்கள் துவைக்க வேண்டாம். ஒட்டவில்லையா, குளியல் தொட்டியில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு அதன்மேல் மேசைவிரிப்பை விரித்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். வடித்துவிட்டு மறுபடி விடுங்கள், நிறம் வருவது நிற்கும்வரை. தூக்கும்போது அடியில் போட்ட விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள், ஈர வலை தன் பாரத்தாலேயே கிழியும்.

அதற்கப்புறம் மார்செய்ல்ஸ் சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, கசக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள். இன்னும் மஞ்சள் இருந்தால், வெள்ளை லினனுக்கும் பருத்திக்கும் மட்டும், சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பெர்கார்பொனாத்தோ என்ற குளோரின் இல்லாத வெளுப்புத் தூளைக் கொஞ்சமாகப் போடலாம். நாற்பது டிகிரிக்குக் குறைந்தால் அது சரியாக வேலை செய்யாது. பட்டு நூலோ நிற நூலோ இருந்தால் அதையும் போடாதீர்கள். வரேக்கினா ஏன் கூடாது என்றால் அதில் உள்ள குளோரின் நாரையே அறுக்கும், அன்றைக்கு வெள்ளையாகத்தான் வரும், அடுத்த சலவைகளில் ஓட்டை ஓட்டையாக விழும். துருப் புள்ளி இருந்தால் இன்னும் மோசம், இரும்பும் குளோரினும் சேர்ந்தால் அந்த இடம் வெந்து போகும். வலையில் உள்ள துருவை அப்படியே விட்டுவிடுவதுதான் என் பழக்கம், சின்னப் புள்ளியை விட ஓட்டை பெரிய குறை. கடைசி அலசலுக்கு அயர்ன் பெட்டிக்கென்று விற்கும் தாது நீக்கிய தண்ணீர் நல்லது. கயிற்றில் தொங்கவிடாமல் துவாய்மேல் பரப்பி வெயிலில் காய வையுங்கள், ஈரம் இருக்கும்போது வெயில் படுவதே வெளுக்கும், அந்தக் காலத்தில் புல்வெளியில் விரித்ததும் அதற்குத்தான். முழுசாகக் காயும் முன்னே, தடித்த துவாய்மேல் பூவேலை கீழே பார்க்கும்படி போட்டுப் பின்பக்கத்திலிருந்து அயர்ன் செய்தால் பூ எழும்பி நிற்கும். வைக்கும்போது கஞ்சி போட வேண்டாம், பூச்சி அதைத் தேடித்தான் வரும். பிளாஸ்டிக் பை வேண்டாம், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மேசைவிரிப்பை மடிக்காமல் உருட்டி வையுங்கள்.

விற்பதைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து மட்டும் போட்ட சாதா விரிப்புகளுக்குப் பெரிய விலை கிடைக்காது, ஒவ்வொரு வீட்டிலும் டஜன் கணக்கில் இருந்தவை, இப்போது எல்லா வீடும் ஒரே நேரத்தில் காலியாகிறது. அவற்றை நீங்களே போட்டுப் படுங்கள். கொதிக்கிற தண்ணீரைத் தாங்கச் செய்த துணி அது, மெலியாமல் இருந்தால் மெஷினில் மெதுவான சுற்றில் போடலாம், பாலெர்மோ ஆகஸ்ட் வெக்கைக்கு லினனைவிட நல்ல விரிப்பு கிடையாது. கைவேலை ஸ்ஃபிலாத்தோ மேசைவிரிப்பு, தன் பன்னிரண்டு நாப்கினோடு, அறுபடாமல் இருந்தால் அது வேறு கணக்கு. விற்கத்தான் வேண்டுமென்றால் பழைய துணி மட்டுமே பார்க்கிற இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். அரெத்சோவில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறும் அதற்கு முந்திய சனியும் கூடும் பழம்பொருள் சந்தைக்கு அப்படிப்பட்டவர்கள் வருவார்கள், 1968 முதல் நடக்கிறது. யாராவது எழுத்தைப் பிரித்து எடுத்துவிட்டால் வாங்குகிறேன் என்றால் அவருக்குக் கொடுக்காதீர்கள். பூவேலையை வெட்டிக் குஷன் உறை செய்கிறவர்களுக்கும் வேண்டாம்.

படம் போடும்போது பின்பக்கம், வலை தொடங்கும் விளிம்பு, சிவப்பு எண், மூன்றையும் கிட்ட வைத்து எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். மகளிடம் பேசும்போது இந்த மேசைவிரிப்பு என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கொடுத்திருந்தால் அவருக்கும் ஒரு நாப்கின் வைத்துக்கொள்ளத் தோன்றலாம், அப்படிக் கேட்டால் மேசைவிரிப்பையே திருப்பிக் கொடுத்துவிட்டு விரிப்புகளையும் துவாய்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.